இத்தாலியில் இலையுதிர்காலச் சாப்பாட்டுப் பயணம்: விசா முதல் கார் சாவியைத் திருப்பிக் கொடுப்பது வரை

இத்தாலியக் கிராமப்புறத்தின் நல்ல சாப்பாடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிடைப்பதில்லை. ஆல்பாவைச் சுற்றியுள்ள குன்றுகள், பார்மா பக்கத்துச் சீஸ் கூடங்கள், டஸ்கனியின் ஆலிவ் எண்ணெய் ஆலைகள் எல்லாமே பேருந்து அபூர்வமாக எட்டிப் பார்க்கும் இடங்கள். அதனால் கார் வேண்டும். கார் என்று முடிவு செய்தவுடனேயே விசாவோடு லைசென்ஸ், டெபாசிட், டோல், கேமரா அபராதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கிறது. இந்தத் தகவல்களைத் துண்டுதுண்டாகப் பொறுக்கி எடுக்க நான் பட்ட பாடு போதும். அடுத்து போகிறவர்கள் அலையாமல் இருக்கட்டும் என்று செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை விரித்துவைத்து இந்தப் பயணத்தைத் திட்டமிடத் தொடங்காதீர்கள். எந்தப் பண்டம் எந்த வாரத்தில் வரும், எந்தக் கிழமையில் கடை திறந்திருக்கும், எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பார்கள் என்பதை முதலில் பாருங்கள். தூரமும் சாலையும் அதற்குப் பின்னால் வரட்டும்.

1. எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள்

"இலையுதிர்காலம்" என்று மொத்தமாகச் சொன்னாலும் செப்டம்பர் நடுவில் போவதும் நவம்பர் நடுவில் போவதும் இரண்டு வேறு பயணங்கள்.

செப்டம்பர் இரண்டாம் பாதியில் திராட்சை அறுவடை, அத்திப்பழம், மழை பெய்திருந்தால் போர்ச்சீனி காளான். பரோலோ ஒயினுக்கான நெபியோலோ திராட்சையை அக்டோபர் நடுப்பகுதி வரைகூடப் பறிப்பார்கள். அக்டோபரில் கஷ்கொட்டையும் வெள்ளை ட்ரஃபிளும் வருகின்றன. ட்ரஃபிள் என்பது மரவேருக்கு அடியில், மண்ணுக்குள் விளையும் வாசனைக் காளான். ஆல்பாவின் சர்வதேச வெள்ளை ட்ரஃபிள் சந்தை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை வார இறுதிகளில் நடக்கும். ஆனால் அக்டோபர் தொடக்கத்து ட்ரஃபிளைவிட நவம்பர் ட்ரஃபிளுக்கு மணம் அதிகம். டஸ்கனி, உம்ப்ரியா பகுதிகளில் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை புது ஆலிவ் எண்ணெய் ஆட்டுகிறார்கள். பச்சையாக, தொண்டையில் லேசாகக் காரம் ஏறும் அந்த எண்ணெயைச் சுட்ட ரொட்டியில் ஊற்றிச் சாப்பிடுவதற்காகவே அந்த வாரங்களில் போகலாம்.

என் பரிந்துரை: அக்டோபர் நான்காம் வாரம் வடக்கே தொடங்குங்கள், நவம்பர் முதல் வாரம் தெற்கே முடியுங்கள். ட்ரஃபிளில் தொடங்கிப் புது எண்ணெயில் முடியும். திராட்சை பறிப்பதைப் பார்க்க முடியாது, ஆனால் கொடிகள் சிவந்து மஞ்சளாகும் நேரம் அதுதான்.

இந்த வாரங்களில் கவனிக்க வேண்டியவை மூன்று. நவம்பர் 1 பொது விடுமுறை என்பதால் அதை ஒட்டிய வார இறுதியில் இத்தாலியர்களே கூட்டமாகக் கிளம்புவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதன்பிறகு மாலை ஐந்து மணி தாண்டினாலே இருட்டுகிறது. நவம்பரில் போ ஆற்றுச் சமவெளியில், அதாவது பார்மா, மோடெனா பக்கம், அடர்ந்த மூடுபனி இறங்கும். இரவில் ஊர் மாறும் திட்டமே வேண்டாம்.

2. மூன்று தங்குமிடங்கள் போதும்

தினம் ஒரு ஊர் என்று போட்டால் பெட்டி கட்டுவதிலேயே பொழுது போய்விடும், மதியச் சாப்பாடும் தவறும். பத்து இரவுகள் என்றால் இப்படிப் பிரிக்கலாம்.

ஆல்பா பக்கத்து லாங்கே குன்றுகளில் நான்கு இரவு. மிலான் மல்பென்சா விமான நிலையத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பிறகு பார்மாவுக்கும் மோடெனாவுக்கும் நடுவில் மூன்று இரவு. ஆல்பாவிலிருந்து பார்மா சுமார் 200 கிலோமீட்டர். கடைசியாகத் தெற்கு டஸ்கனியில் பியென்சா, மொந்தேபுல்ச்சானோ பக்கம் மூன்று இரவு. அங்கிருந்து ரோம் விமான நிலையம் இரண்டரை மணி நேரத் தூரம்.

மிலானில் இறங்கி ரோமிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். காரை வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைப் பதிவு செய்யும் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

தங்க அக்ரித்துரிஸ்மோ தேடுங்கள். விவசாயக் குடும்பங்கள் தங்கள் பண்ணையிலேயே நடத்தும் விடுதி அது. நல்ல இடங்களில் அவர்கள் தோட்டத்துக் காய்கறியிலேயே இரவுச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் சில இடங்களில் வார இறுதியில் மட்டும்தான் சமைப்பார்கள். எந்தெந்தக் கிழமை சாப்பாடு உண்டு என்று பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

3. விசா

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா, அதாவது இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு இந்தப் படி தேவையில்லை, அடுத்ததற்குப் போகலாம்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு விண்ணப்பித்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. விண்ணப்பத்தைவிட நேரம் ஒதுக்கி வாங்குவதுதான் கடினம். கோடையில் விண்ணப்ப மையத்தில் மாணவர் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் பயணத்துக்கு ஜூலையிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது.

ஆவணங்கள்: கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்ட கடவுச்சீட்டு, ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் தங்குமிடம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம். காரில் போகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் செய்யுங்கள். எந்தத் தேதி எந்த ஊர், எங்கே இரவு, ஊர் மாறுவது எப்படி என்று ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டு, கார் முன்பதிவுச் சீட்டையும் இணையுங்கள். ரயில் டிக்கெட்டும் இல்லாமல் வெவ்வேறு கிராமங்களின் பெயர் மட்டும் இருந்தால் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

இந்தக் கட்டத்தில் எல்லாத் தங்குமிடங்களையும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகவே பதிவு செய்யுங்கள். விசா நாட்கள் நீங்கள் கேட்ட தேதிகளை ஒட்டித்தான் கிடைக்கும் என்பதால் தேதியை முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவுமுறை தொடங்கியிருக்கிறது. இறங்கும் நாளில் வரிசைக்குக் கூடுதல் நேரம் விட்டு, அதன்பிறகே கார் எடுக்கும் நேரத்தைக் குறிப்பிடுங்கள்.

4. சர்வதேச ஓட்டுநர் அனுமதி

உங்கள் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தாலும் இத்தாலியில் அது மட்டும் போதாது. லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமலே சில வாடகை நிறுவனங்கள் காரைக் கொடுத்துவிடும், அதை நம்பிக் கிளம்பாதீர்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் அபராதம் உங்களுக்குத்தான், விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

இந்தியாவில் இதை வழங்குவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். சாரதி இணையதளத்தில் படிவம் 4ஏ வழியாக விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. பொறி இங்கேதான் இருக்கிறது: விண்ணப்பத்தோடு விசா நகலையும் விமான டிக்கெட்டையும் கேட்பார்கள். விசா கடைசி வாரத்தில் வந்தால் இதற்கு நாள் இருக்காது. லைசென்ஸில் உள்ள முகவரி இன்னொரு மாவட்டம் என்றால் அதைச் சரிசெய்யும் வேலையை விசாவுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே முடித்துவிடுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் அங்குள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷனில் வாங்கலாம்.

ஓட்டப்போகிறவர் இருவர் என்றால் இருவருக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

5. காரும் கார்டும்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் விமான நிலையத்து வாடகை மேஜை. டெபாசிட்டுக்கு, ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டு செல்லாது, டெபிட் கார்டு பெரும்பாலும் செல்லாது, மனைவியின் கார்டில் கணவர் கார் எடுக்க முடியாது. முழுப் பணமும் முன்பே கட்டியிருந்தாலும் இந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்புவார்கள். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வரம்பை உயர்த்தி, பின் எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டெபாசிட்டாக 1,000 யூரோவுக்கு மேல்கூடப் பிடித்துவைக்கலாம். அந்தத் தொகை பயணம் முடியும் வரை உங்கள் வரம்பில் குறைந்தே இருக்கும்.

இத்தாலியில் கியர் வண்டிதான் இயல்பு. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள், விலையும் கூடுதல். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடது பக்கம். இதோடு கியரையும் வலது கையால் மாற்றப் பழகுவது முதல் இரண்டு நாளைக் கெடுத்துவிடும். ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை என்பது என் கருத்து. வண்டி சிறியதாக இருக்கட்டும், லாங்கே குன்றுச் சாலைகளும் கிராமத்துச் சந்துகளும் குறுகலானவை.

அடிப்படைக் காப்பீடு வாடகையிலேயே சேர்ந்திருக்கும். ஆனால் சேதம் நேர்ந்தால் ஒரு தொகை வரை நீங்கள்தான் கட்ட வேண்டும், அதை ஃப்ராங்கீஜியா என்கிறார்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவற்றுக்குப் பெரும்பாலும் காப்பீடு இருக்காது. டஸ்கனியில் பண்ணைகளுக்குப் போகும் மண் சாலைகளில் அடிபடுவது சரியாக இவைதான். அதனால் இவற்றையும் சேர்த்த காப்பீடு எடுங்கள். வண்டியை எடுத்ததும் நான்கு பக்கமும், சக்கரங்களும், எரிபொருள் முள்ளும் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல சாலைகளில் குளிர்கால டயரோ பனிச் சங்கிலியோ கட்டாயம். உங்கள் தேதி அதைத் தொட்டால் முன்பே கேட்டு வாங்குங்கள்.

6. அறையைவிடச் சாப்பாட்டுக்கு முன்பதிவு முக்கியம்

பார்மிஜானோ ரெஜியானோ சீஸ் தினமும் காலையில்தான் செய்கிறார்கள். எட்டு, எட்டரைக்கு அங்கே இருந்தால் செம்புக் கொப்பரையில் பால் திரிவதிலிருந்து துணியில் தூக்குவது வரை பார்க்கலாம். பத்தரைக்குப் போனால் கழுவிய தரையைத்தான் பார்ப்பீர்கள். சக்கர வடிவச் சீஸ் ஒன்றுக்குச் சுமார் 550 லிட்டர் பால், எடை 40 கிலோ அளவில், குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். 24 மாதத்தையும் 36 மாதத்தையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். கூடத்துக்கு ஓரிரு வாரம் முன்பே எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதே நாள் பிற்பகல் மோடெனா பக்கம் ஒரு அசெத்தாயியாவுக்கு, அதாவது பால்சாமிக் வினிகரை மரப்பீப்பாய்களில் முதிரவைக்கும் இடத்துக்கு, நேரம் வாங்கிவிடலாம்.

வினிகர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். "ட்ரதித்சியோனாலே" என்ற சொல்லும், பிறப்பிடத்தைச் சான்றளிக்கும் டிஓபி முத்திரையும் இருந்தால்தான் 12 ஆண்டு முதிர்ந்தது. "எக்ஸ்ட்ராவெக்கியோ" என்றால் 25 ஆண்டு. 100 மில்லி உருண்டைப் புட்டியில் மட்டுமே வரும், விலை 50 யூரோ பக்கத்தில் தொடங்கும். ஐஜிபி முத்திரை உள்ளது சில யூரோவுக்குக் கிடைக்கும் வேறு பொருள், சாலடுக்கு அதுவே நன்றாக இருக்கும்.

ட்ரஃபிள் தேடும் நடைக்கும் முன்பதிவு வேண்டும். உரிமம் உள்ளவர் மட்டுமே நாயோடு போய்த் தோண்டலாம், நீங்களாகக் காட்டில் கை வைக்கக் கூடாது. ஆல்பா சந்தையைச் சனி காலையில் பாருங்கள், ஞாயிறு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

உணவகங்களைப் பொறுத்தவரை, லாங்கேயில் இந்தப் பருவத்து வார இறுதி மேஜைகள் ஒரு மாதம் முன்பே நிறைந்துவிடுகின்றன. ஒவ்வொரு உணவகத்துக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை உண்டு, பெரும்பாலும் திங்கள், செவ்வாய் அல்லது புதன். சிறிய ஊரில் எல்லாக் கடையும் ஒரே நாளில் மூடியிருக்கவும் கூடும். தங்கும் ஊரை வைத்து ஒரு தாளில் கிழமை வாரியாக எழுதிப்பாருங்கள். காலியாக நிற்கும் கிழமைக்கு அக்ரித்துரிஸ்மோ சாப்பாட்டைச் சொல்லிவையுங்கள்.

7. சாலையில்

வேக வரம்பு நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர், மழையில் 110. சாதாரணக் கிராமச் சாலையில் 90, ஊருக்குள் 50. சில நெடுஞ்சாலைகளில் இரண்டு இடங்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள், கேமரா கண்ட இடத்தில் மட்டும் மெதுவாகப் போவது உதவாது. ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

பெரிய தொல்லை செட்-டி-எல் எனப்படும் கட்டுப்பாட்டு மண்டலம். பார்மா, மோடெனா, போலோன்யா, பல டஸ்கனிக் குன்று ஊர்கள் என எல்லாவற்றின் பழைய நகரப் பகுதிக்குள்ளும் வெளியார் வண்டி நுழையக் கூடாது. நுழைவில் உள்ள அடையாளம்: வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, கேமரா. "வார்கோ ஆத்திவோ" என்று ஒளிர்ந்தால் திறந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று பொருள். ஒவ்வொரு முறை நுழைவதும் தனித்தனி அபராதம், ஒன்று 80 யூரோவைத் தாண்டும். வழிகாட்டிச் செயலி சில நேரம் நேராக அதற்குள்ளேயே கூட்டிப்போகும். விடுதி மண்டலத்துக்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்பே கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

நிறுத்தும் இடத்தில் நீலக்கோடு என்றால் கட்டணம், வெள்ளை என்றால் இலவசம், மஞ்சள் உங்களுக்கானது இல்லை.

டோலில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்ட வேண்டும். மஞ்சள் டெலிபாஸ் வரிசை தானாகப் பணம் கட்டும் கருவி உள்ள வண்டிகளுக்கு, அதற்குள் போகாதீர்கள். போய்விட்டால் பின்னால் மட்டும் எடுக்காதீர்கள், உதவிப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடலாம். பெட்ரோல் போட "செல்ஃப்" என்ற விலை உள்ள பம்ப் மலிவு, "செர்வீதோ" என்றால் ஆள் போட்டுத் தருவார், லிட்டருக்குக் கூடுதல். இயந்திரம் முதலில் 100 யூரோ அளவில் பிடித்துவைத்துப் பின்னர் விடுவிக்கும், பதறாதீர்கள். பென்சீனா என்றால் பெட்ரோல், கசோலியோ என்றால் டீசல்.

மது அளவு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம். லைசென்ஸ் வாங்கி 3 ஆண்டு ஆகாதவர்களுக்குச் சுழியம். ஒயின் தோட்டத்துக்குப் போகும் நாளில் ஓட்டுபவர் குடிக்க வேண்டாம். அவருக்காக ஒரு புட்டியை வாங்கி இரவு அறையில் திறக்கலாம்.

8. மேஜையில்

மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டு, இரவு ஏழரைக்குப் பிறகு. நடுவில் அடுப்பே எரியாது. மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றால் பாரில் சாண்ட்விச்தான். கொப்பெர்த்தோ எனும் மேஜைக் கட்டணம் தலைக்கு 1.50 முதல் 3 யூரோ பில்லில் சேரும், அது ஏமாற்று இல்லை. தண்ணீருக்குக் காசு. டிப்ஸ் கட்டாயமில்லை.

விலைப்பட்டியலில் "எட்டோ" என்றால் 100 கிராம். புளோரன்ஸ் பாணி மாட்டிறைச்சித் துண்டுக்கு விலை கிலோவுக்குப் போட்டிருப்பார்கள், துண்டோ ஒரு கிலோவுக்குக் குறையாது. ட்ரஃபிளுக்குக் கிராம் கணக்கு. உங்கள் முன்னால் எடை போட்டுச் சீவுவார்கள், கிராம் விலை என்ன என்று சீவும் முன்பே கேளுங்கள். கிராம் 4, 5 யூரோ போகும் ஆண்டில் ஒரு தட்டுக்கு 8 கிராம் என்றாலே 30 யூரோவுக்கு மேல். ஒரே ஒரு வேளை, வெண்ணெய் போட்ட தயாரீன் என்ற மெல்லிய முட்டைப் பாஸ்தாவின் மேலோ பொரித்த முட்டையின் மேலோ கேட்டு வாங்குங்கள், அது போதும். கடைகளில் தொங்கும் ட்ரஃபிள் எண்ணெய் பெரும்பாலும் செயற்கை மணம், காசைக் கொட்டாதீர்கள்.

9. சைவர்களுக்கு

"வெஜித்தாரியானோ" என்று சொன்னால் இறைச்சித் துண்டு வராது, அவ்வளவுதான். பார்மிஜானோ, கிரானா பதானோ சீஸ் இரண்டிலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது. ரிசோத்தோ என்ற அரிசி உணவு இறைச்சி வடிநீரில் வெந்திருக்கும். மோடெனா பக்கம் ஞோக்கோ ஃப்ரித்தோ எனும் பொரித்த ரொட்டி, பியாதீனா ரொட்டி இவற்றில் ஸ்த்ரூத்தோ எனும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ஆல்பா இருக்கும் பியெமான்தே பகுதியின் பாஞா கௌதா எனும் சூடான தொடுகறியில் நெத்திலி போன்ற மீன் இருக்கும். புதுப் பாஸ்தாவில் முட்டை. பன்னா கோத்தா எனும் பாலாடை இனிப்பில் ஜெலட்டின்.

அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, டஸ்கனி சைவர்களுக்கு நல்ல இடம். ரொட்டியும் கருங்கீரையும் பீன்ஸும் சேர்ந்த ரிபோலீத்தா, தக்காளி ரொட்டிக் கூழான பாப்பா அல் போமொதோரோ, பூண்டுத் தக்காளிச் சாறோடு பீச்சி பாஸ்தா, சேஜ் இலை போட்ட வெள்ளை பீன்ஸ். "சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ, சென்சா ஸ்த்ரூத்தோ, சென்சா ஃபோர்மாஜியோ" என்று இத்தாலிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கையில் வைத்திருங்கள். இறைச்சி, வடிநீர், கொழுப்பு, சீஸ் இல்லாமல் என்று பொருள். சீஸ் சாப்பிடுவீர்கள் என்றால் கடைசியதை விட்டுவிடுங்கள். மேஜைக்குப் பதிவு செய்யும் செய்தியிலும் இதையே எழுதுங்கள், பெரும்பாலான பாட்டிமார் அன்றைக்கு வேறு ஏதாவது செய்து வைப்பார்கள்.

10. செலவு

இருவருக்குப் பத்து இரவு, விமானமும் விசாவும் நீங்கலாக, நடுத்தரமாக: அறை இரவுக்கு 90 முதல் 140 யூரோ. மதியம் தலைக்கு 25 முதல் 35, இரவு 35 முதல் 50. உள்ளூர் சுற்றலோடு 1,300 கிலோமீட்டர் ஓடினால் எரிபொருளுக்கு 150 முதல் 180, டோலுக்கு 60 முதல் 70. கார் வாடகை பருவத்துக்கும் வண்டிக்கும் ஏற்ப மிகவும் மாறும், அதனால் முதலில் அதன் விலையைப் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். விடுதியில் ஆளுக்கு இரவுக்குச் சில யூரோ சுற்றுலா வரி தனியாக, பல இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள். கையில் 200 யூரோ ரொக்கம் இருப்பது நல்லது.

பணத்தைக் குறைக்க ஒரே நல்ல வழி, மதியம் பெரிய சாப்பாடு, இரவு சந்தையில் வாங்கிய ரொட்டி, சீஸ், பழம். சமையலறை உள்ள அறை எடுத்தால் போர்ச்சீனியை நீங்களே வதக்கலாம்.

11. காரைத் திருப்பும்போது

விமான நிலையத்துக்குச் சற்று முன்பே எரிபொருள் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போதும் வீடியோ எடுங்கள், ஆள் இருந்தால் "சேதம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். எண்ணெய், வினிகர், ஒயின் புட்டிகள் சரக்குப் பெட்டிக்குள்தான் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இந்தியாவுக்குள் ஒருவருக்கு 2 லிட்டர் மது வரை சுங்கவரி இல்லை.

கேமரா அபராதம் பல மாதம் கழித்துத்தான் வரும். முதலில் வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தைக் கார்டில் எடுக்கும், அது அபராதம் அல்ல. அபராத அறிவிப்பு தனியாக வீட்டுக்கு வரும், வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. அறிவிப்பு கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் பெரும்பாலான அபராதங்களில் 30 சதவீதம் குறையும். அதனால் வாடகை ஒப்பந்தம், டோல் ரசீதுகள், வண்டியின் வீடியோ எல்லாவற்றையும் ஓராண்டாவது அழிக்காமல் வைத்திருங்கள்.